கிட் லென்ஸில் பால்வீதி: முதல் இரவுக்கு ஒரு வழிகாட்டி

"என்கிட்ட சாதா கேமராதான் இருக்கு, இதுல நட்சத்திரமெல்லாம் விழுமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விழும். நான் இன்றும் வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிஎஸ்எல்ஆர். லென்ஸ், அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ்தான். ஊர் வேலூர். நண்பன் ஒருவனின் அப்பா அம்மா ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் தப்புத் தப்பாக எடுத்துக் கற்றுக்கொண்டவைதான் கீழே இருப்பவை.

கேமராவில் மூன்று வசதி இருந்தால் போதும்: 'எம்' என்று போட்டிருக்கும் மேனுவல் மோடு, 30 நொடி வரை திறந்து வைக்கக்கூடிய ஷட்டர், ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பு) சேமிக்கும் வழி. கடந்த பதினைந்து வருடங்களில் வந்த எந்த டிஎஸ்எல்ஆரிலும் மிரர்லெஸ்ஸிலும் இவை உண்டு. ஆடாத ட்ரைபாட் ஒன்று வேண்டும். கைப்பேசியின் ப்ரோ மோடிலும் ஓரளவு முடியும், ஆனால் அது வேறு கதை.

முதலில் காலண்டர்

கேமராவை எடுப்பதற்கு முன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிலா இருந்தால் பால்வீதி இல்லை, அவ்வளவுதான். அது எப்போது இருக்கும், எங்கே இருக்கும் என்ற இரண்டும் அந்தத் தாளில் அச்சாகியிருக்கின்றன.

திதியைப் பார்த்தால் நேரம் தெரியும். நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. வளர்பிறை அஷ்டமியன்று நள்ளிரவை ஒட்டி மறையும், தேய்பிறை அஷ்டமியன்று நள்ளிரவை ஒட்டி உதிக்கும். விடியற்காலையில் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் தேய்பிறை திரயோதசியிலிருந்து வளர்பிறை அஷ்டமி வரை கிட்டத்தட்ட பத்து இரவுகள் உங்களுடையவை. அமாவாசை ஒரு நாளைத்தான் நம்ப வேண்டும் என்றில்லை. சாயங்கால வானம் வேண்டுமென்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: தேய்பிறை பஞ்சமி முதல் வளர்பிறை திருதியை வரை.

அப்புறம், அன்றைய நட்சத்திரம். "இன்று கேட்டை" என்று போட்டிருந்தால் நிலா அன்று கேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நமக்கு வேண்டிய பால்வீதியின் தடித்த நடுப்பகுதி, விருச்சிகத் தேளின் வால் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வால்தான் மூலம். ஆகவே காலண்டரில் மூலம் என்று போட்டிருந்தால் நிலா நாம் எடுக்க வேண்டிய இடத்திலேயே நிற்கிறது என்று பொருள். நம் அண்டத்தின் மையம் இருக்கும் திசைக்கு யாரோ 'மூலம்' என்று பெயர் வைத்திருப்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் முதல் முறை கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

இதே காரணத்தால் மார்கழியில் இந்தப் பகுதியைத் தேடாதீர்கள். சூரியனே அப்போது மூலத்தை ஒட்டிய தனுசில் நிற்கிறது. மாசியில் விடிவதற்கு முன் தென்கிழக்கில் எட்டிப் பார்க்கத் தொடங்கும். மார்ச் நடுவில் இரவு ஒரு மணி வாக்கில் உதிக்கும். நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்துவதால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிடும்: ஏப்ரல் நடுவில் பதினொரு மணிக்கு, மே நடுவில் ஒன்பது மணிக்கு. அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை மேகம் வந்துவிடுகிறது. ஆகவே வட தமிழகத்துக்காரர்களுக்குப் பங்குனியும் சித்திரையும்தான் சீசன். மார்ச், ஏப்ரலில் மூன்றரை மணிக்குப் போய் நின்றால் போதும். சூரியன் உதிப்பதற்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் முன்பே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும் என்பதால், மார்ச்சில் ஐந்து மணிக்கும் ஏப்ரலில் நாலே முக்காலுக்கும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லாதவர்கள் தை, மாசி மாதங்களில் இரவு எட்டு மணி வானத்தில் தொடங்கலாம். மிருகசீரிடமும் திருவாதிரையும் சேர்ந்த ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேலே நிற்கும். கை பழக இதைவிட நல்ல இடம் இல்லை. மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கும் அந்த இடுப்பை யாரும் தவறவிட முடியாது.

பௌர்ணமிக்கு மனசு கேட்காவிட்டால் நிலாவையே எடுங்கள். அது வெயிலில் காயும் பாறை, எனவே பகல்படக் கணக்குதான்: லென்ஸின் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப்/11, ஷட்டர் நொடியில் நூற்றில் ஒரு பங்கு, கேமராவின் ஒளி உணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ 100.

எங்கே நிற்பது

இருட்டைச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. குளிர்கால மாலையில் கார்த்திகையைப் பாருங்கள். ஆறும் தனித்தனியாக எண்ண வருகிறதா? அறுமீன் என்று பெயர் வைத்தவர்கள் பார்த்த வானம் உங்களுக்கும் கிடைத்திருக்கிறது, தாராளமாக எடுக்கலாம். மங்கலான திட்டாக மட்டும் தெரிந்தால் இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். இருட்டை ஒன்பது படிகளாகப் பிரிக்கும் போர்ட்டில் அளவுகோல் 2001-இல் வந்தது. இணையத்தில் கிடைக்கும் ஒளிமாசு வரைபடங்களில் பலவும் அந்தப் படிகளைக் காட்டும்.

வரைபடத்தில் கறுப்பாக இருப்பதைவிட, ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியம். பால்வீதியின் மையம் நமக்குத் தென்கிழக்கில் உதித்துத் தெற்கில் உயர்கிறது. ஆகவே உங்கள் தெற்கில் வெளிச்சம் இருக்கக் கூடாது. நான் நிற்கும் மாடிக்கு வேலூர் வடக்கே, ஜவ்வாது மலை தெற்கே. மலை கொஞ்சம் அடிவானத்தை மறைக்கும். பரவாயில்லை, மையம் உச்சிக்கு வரும்போது நம் ஊரில் 45 பாகைக்கு மேல் உயர்ந்துவிடும். இந்த விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்கு நம்மைப் பார்த்துப் பொறாமை வர வேண்டும், அங்கே அது அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து மறைகிறது.

அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இயங்குகிறது. அந்தப் பக்கம் போய் எடுத்தால் என்ன என்று தோன்றும். இரவில் அங்கே போய் ஹெட்லைட் அடிப்பது அவர்கள் வேலையில் மண்ணைப் போடுவது, போகாதீர்கள். காப்புக்காட்டுக்குள்ளும் இரவில் நுழைய அனுமதி கிடையாது. யாராவது தெரிந்தவர் வீட்டு மாடி, அவர்கள் கொல்லை, களத்துமேடு: இதுவே நல்லது. ஊரில் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் அவசியம். நள்ளிரவில் ட்ரைபாடோடு வயலில் நிற்பவனை சர்வேக்கு வந்தவன் என்றோ புதையல் தேடுகிறவன் என்றோதான் நினைப்பார்கள். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. வயலில் நிற்பதென்றால் ஷூ போடுங்கள், கால் வைக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிவிரியனும் இரவில்தான் வெளியே வரும்.

கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் பழகியதெல்லாம் போச்சு. ஸ்டேஷனரி கடையில் சிவப்புக் கண்ணாடித் தாள் வாங்கி நாலு மடிப்பாக மடித்து டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். கேமரா திரையின் வெளிச்சத்தையும் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். இதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இருட்டில் பளிச்சென்ற திரையில் எந்தப் படமும் நன்றாக வந்தது போலவே தெரியும்.

ஃபோகஸ்

அந்தத் திரையை நம்பித்தான் நான் ஏமாந்தேன். என் முதல் இரவில் நூற்று நாற்பது படங்கள். திரையில் ஒவ்வொன்றும் அற்புதம். காலையில் கணினியில் திறந்தால் எல்லா நட்சத்திரமும் ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக இருந்தது. நூற்று நாற்பதும் ஃபோகஸ் தவறியவை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் மனப்பாடம் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் வேலை செய்யாது. கிட் லென்ஸில் தூர அளவுக் குறிகளும் இருக்காது. இருக்கும் லென்ஸ்களிலும், முடிவிலிக் குறியில் கொண்டுபோய் வைத்தால் சரியாக வரும் என்று நம்பக் கூடாது, பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். ஆகவே கையால்தான் பிடிக்க வேண்டும்.

லென்ஸை 18-இல் வையுங்கள். பக்கவாட்டுச் சுவிட்சை மேனுவல் ஃபோகஸுக்குத் தள்ளுங்கள். கீழே நடுக்கம் தடுக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் அணையுங்கள், ட்ரைபாடில் அது உதவியை விட உபத்திரவம்தான். லைவ் வியூவை (லென்ஸ் பார்ப்பதைத் திரையிலேயே காட்டும் வசதி) போட்டு, அன்றைய வானத்தில் ரொம்பப் பிரகாசமான ஒன்றைத் திரையின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். தை, மாசி மாலையில் சிரியஸ். பங்குனி விடியற்காலையில் சுவாதி, ஆரஞ்சு நிறத்தில் உயரத்தில் நிற்கும். வியாழன் மேலே இருந்தால் இன்னும் சுலபம்.

இப்போது பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்திப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஃபோகஸ் வெகுதூரம் தப்பியிருக்கிறது, வளையத்தை மெல்லத் திருப்பினால் ஒரு மங்கலான வட்டு வரும். இன்னும் திருப்புங்கள். வட்டு சுருங்கும், சுருங்கும், ஊசிமுனையாகும், அப்புறம் மறுபடி விரியும். அந்த ஊசிமுனையைத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். இரண்டு மூன்று தடவை தாண்டித் திரும்பினால்தான் நடு எது என்று கண்ணுக்குத் தெரியும். கிட் லென்ஸின் வளையம் ஒரு மயிரிழை நகர்ந்தாலே எல்லாம் மாறிவிடும், வாலுத்தனம் பிடித்த வளையம் அது. ஊசிமுனைக்குப் பக்கத்தில் வந்ததும், அதுவரை தெரியாத சின்னச் சின்ன நட்சத்திரங்கள் சுற்றிலும் முளைக்கும். அவை எந்த இடத்தில் அதிகம் தெரிகின்றனவோ அதுதான் சரியான இடம்.

நட்சத்திரம் எதுவும் திரையில் பிடிபடாவிட்டால் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் செல்போன் டவர் உச்சியின் சிவப்பு விளக்கைப் பிடியுங்கள், அதுவும் சரியாகவே இருக்கும்.

பிடித்ததும் வளையத்தை ஒட்டிவிடுங்கள். நான் மருந்துக்கடைப் பேப்பர் டேப் வைத்திருக்கிறேன், பிசின் ஒட்டாமல் உரிந்து வரும். ஒட்டும்போதே வளையம் நகர்ந்துவிடும் என்பதால் ஒட்டிய பிறகு ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு படம் எடுத்து, அதையும் பெரிதாக்கிப் பாருங்கள். இதற்குப் பிறகு ஜூமைத் தொடக் கூடாது, தொட்டால் முதலிலிருந்து வர வேண்டும். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் லேசாக விலகும், அரை மணிக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எண்கள்

பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. ஷட்டர் நீண்டநேரம் திறந்திருந்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக விழும். எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதற்கு 500 விதி என்று ஒன்று சொல்வார்கள். நம் கேமராக்களில் ஒளியை வாங்கும் சென்சார் சின்னது, அதனால் லென்ஸ் நீளத்தை நிக்கான், சோனி என்றால் 1.5 ஆலும், கேனான் என்றால் 1.6 ஆலும் பெருக்க வேண்டும். 18-ஐ 1.5 ஆல் பெருக்கினால் 27. 500-ஐ 27 ஆல் வகுத்தால் பதினெட்டரை நொடி.

இந்த விதி ஃபிலிம் காலத்துத் தாராளம். இன்றைய கேமராவில் படத்தைப் பெரிதாக்கினால் கோடு தெரிந்துவிடும். 500-க்குப் பதில் 300 போட்டுப் பாருங்கள், 11 நொடி வரும். நான் நடுவில் 13 நொடி வைப்பேன்.

அப்பர்ச்சர் எஃப்/3.5, அதாவது உங்கள் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. 55-க்கு ஜூம் செய்தால் அது எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும், அதனால்தான் 18. ஐஎஸ்ஓ 3200. படத்தில் வானம் ஆரஞ்சாகக் கொதித்தால் ஊர் வெளிச்சம் அதிகம், 1600-க்கு இறங்குங்கள். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின் வாக்கில். ரா ஃபைல், கட்டாயம். மெனுவுக்குள் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 13 நொடி எடுத்துவிட்டு, இன்னொரு 13 நொடி கேமரா தனக்குள் யோசித்துக்கொண்டிருக்கும். உங்கள் இரவில் பாதி அதிலேயே போகும்.

எடுத்த படத்தின் வெளிச்சத்தைத் திரையில் வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமின் மேடு இடது ஓரச் சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் விலகி நின்றால் வெளிச்சம் போதும்.

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வரலாம். எஃப்/2.8-க்கு இறக்குங்கள். முழுசாகத் திறந்தால் ஓர நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைக்கும். நேரம் நான்கு நொடிதான். ஓரியன் இடுப்புக்குக் கீழே தொங்கும் வாளில் இளஞ்சிவப்பாக ஒரு புகைத் திட்டு விழும், அதுதான் ஓரியன் நெபுலா.

இருபது படங்கள்

ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நகராதீர்கள். கேமராவை அப்படியே விட்டு, இரண்டு நொடி டைமரில், அல்லது வயர் ரிமோட்டில், அதே அமைப்பில் இருபது படம் எடுங்கள். பிறகு மூடியைப் போட்டு அதே நொடி, அதே ஐஎஸ்ஓவில் பத்து கறுப்புப் படங்கள். இது எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ஐஎஸ்ஓ 3200-இல் படம் முழுக்க மணல் தூவியது போல இரைச்சல் இருக்கும். அது படத்துக்குப் படம் தாறுமாறாக இடம் மாறும், நட்சத்திரங்களின் அமைப்பு மாறாது. பல படங்களை நட்சத்திரம் பொருந்துமாறு அடுக்கிச் சராசரி எடுத்தால் மணல் கரைந்து நட்சத்திரம் நிற்கும். 16 படம் அடுக்கினால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகிறது. விலை உயர்ந்த கேமராவுக்கும் உங்களுடையதற்கும் இடையில் உள்ள தூரத்தில் பெரும்பகுதியை இந்த இருபது படங்கள் கடந்துவிடும். கறுப்புப் படங்கள், சென்சாரில் எப்போதும் ஒரே இடத்தில் எரியும் சிவப்பு, நீலப் புள்ளிகளைக் கழிப்பதற்கு.

நடுநடுவே லென்ஸின் முகத்தைச் சிவப்பு டார்ச்சில் பாருங்கள். தை மாதத்து இரவு ஒன்றில் ஒரு மணிக்குப் பிறகு எடுத்த படங்களில் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒளிவட்டம். கேமரா போச்சு என்றே நினைத்தேன். பனி பிடித்திருந்தது, அவ்வளவுதான். லுங்கி நுனியால் துடைத்து அதை இன்னும் கெடுத்தேன். துடைக்க வேண்டாம். லென்ஸ் ஹூட் போட்டு, லென்ஸைச் சுற்றி ஒரு துணியும், அதற்குள் மருந்துக்கடையில் கிடைக்கும் சூடு தரும் பொட்டலம் ஒன்றும் வைத்துக் கட்டினால் பனி இறங்காது. ஏசி காரிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தாலும் இதே கதி. பையை மூடியபடியே வெளியே இருபது நிமிடம் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

கணினியில்

விண்டோஸில் சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் போதும். இருபது படங்களை நட்சத்திரப் படங்களாகவும், கறுப்புப் படங்களை இரைச்சல் படங்களாகவும் ஏற்றுங்கள். அடிப்படைப் படமாக நடுவில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் மரமோ வீடோ இருந்தால் வானம் எது, தரை எது என்று தூரிகையால் பூசிக் காட்டி, தரையை உறைய வைக்கும் தெரிவை எடுங்கள். இல்லாவிட்டால் நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது தென்னை மரம் பேயாட்டம் ஆடியிருக்கும்.

வரும் படத்தை டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளிலோ உங்களுக்குப் பழகிய வேறு எதிலோ திறந்து, கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஊதா நிறப் பால்வீதியைச் சமூக ஊடகங்களில் பார்த்துப் பார்த்து, நாமும் அப்படி ஆக்க வேண்டும் என்று கை அரிக்கும். அதன் மையம் உண்மையில் மஞ்சளும் பழுப்பும் கலந்தது, குறுக்கே கரித்தூள் பூசியது போன்ற தூசிப் பட்டைகள். கேட்டை சிவப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் உங்கள் நிறம் சரி.

கோடாகவே வேண்டுமென்றால்

நட்சத்திரம் கோடாக விழும் படம் பிடிக்கும் என்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. ஐஎஸ்ஓ 800, 30 நொடி, வயர் ரிமோட்டின் பொத்தானைப் பூட்டித் தொடர்ச்சியாக 120 படம். ஒரு மணி நேரம், 15 பாகை வளைவு. ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஒன்றாக இணைத்துவிடும்.

இணையத்தில் காணும் முழு வட்டங்களை மட்டும் நம் ஊரில் எதிர்பார்க்காதீர்கள். துருவ நட்சத்திரம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும்: சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. வடக்கே பார்த்தால் அடிவானத்திலிருந்து எழும் அரைவட்டங்கள் கிடைக்கும். எனக்குப் பிடித்தது கிழக்கு. அங்கே நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக எழும், படத்தில் மழை மேல்நோக்கிப் பெய்வது போல வரும்.

இதற்கு முழு பேட்டரி வேண்டும். கால் தடுக்கி ட்ரைபாட் அரை அங்குலம் நகர்ந்தால் அதுவரை எடுத்ததை அங்கேயே முடித்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள். நடுவில் யாராவது டார்ச் அடித்துவிட்டால் அந்த ஒரு படத்தை நீக்காதீர்கள், நீக்கினால் எல்லாக் கோடுகளிலும் ஒரே இடத்தில் இடைவெளி விழும். அந்தப் படத்தில் வெளிச்சம் பட்ட இடத்தை மட்டும் கறுப்பாகப் பூசிவிட்டு மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள்.